மோட்டாருக்கும் மூக்கு உண்டு

“பாவம் அம்மா, நம் காருக்கு மூச்சு முட்டுகிறது” என்றான் என் மூத்த பையன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ஜலதோஷம் பிடித்த குழந்தையைப் பற்றிப் பேசுகிற குரல்!

“கஷாயம் ஏதாவது வைத்துக் கொடுக்கட்டுமா?” என்றேன். அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த அட்டைப் பெட்டியைத் திறந்தான். உள்ளே கூம்பு வடிவத்தில், சிவப்புத் துணியை மடிப்பு மடிப்பாகச் சுற்றிய ஒரு வஸ்து. பழைய ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு இதை மாட்டினால் என்ஜினுக்குப் பலம் கூடுமாம். அதற்கு அவன் கொடுத்த விலை எங்கள் வீட்டு ஒரு மாத மளிகை.

அவன் சொன்னதில் பாதி வாஸ்தவம். அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாட்டி காலத்துக் குமுட்டி அடுப்பைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கரியை எவ்வளவு கொட்டினாலும் கீழ்த் துவாரத்தில் விசிறினால்தான் கனல் எழும்பும். இன்றைய கேஸ் அடுப்பிலும் காற்றுப் போகும் வழி அடைத்துக் கொண்டால் சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடிக்கிறது. மோட்டாரும் ஒரு அடுப்புத்தான். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால் இன்னும் வேடிக்கை: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்குக் குறையாத காற்று! பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையில் இருக்கும் காற்று அத்தனையும் மூன்று லிட்டர் பெட்ரோலுக்குச் சரியாகிவிடும். ஆகவே அதிகப் பலம் வேண்டுமானால் அதிகக் காற்று போக வேண்டும் என்று பையன் சொன்னது தப்பில்லை.

மீதிப் பாதியில்தான் கோளாறு. காருக்கு உண்மையிலேயே மூச்சு முட்டுகிறதா?

ஆக்ஸிலரேட்டரை நாம் மிதிக்கும்போது பெட்ரோல் குழாயைத் திறக்கிறோம் என்றுதான் நானும் வெகுநாள் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. பெட்ரோல் காரில் அது காற்று வழியில் உள்ள ஒரு சின்னக் கதவைத் திறக்கிறது. த்ராட்டில் என்று பெயர். உள்ளே வரும் காற்று எவ்வளவு என்று பார்த்து, அதற்குத் தகுந்த பெட்ரோலை என்ஜினின் கம்ப்யூட்டர் அளந்து விடுகிறது. மவுண்ட் ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போகையில் அந்தக் கதவு ஒருக்களித்துத்தான் இருக்கும். வீட்டு வாசல் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுத் தெருக் கேட்டை இடித்து அகலப்படுத்தினால், உள்ளே வரும் விருந்தாளிகள் அதிகமாகிவிடுவார்களா? மிதியைத் தரையோடு தரையாக அழுத்தும் சமயத்தில்தான் கேட்டின் அகலத்துக்கு மதிப்பு. காய்கறி வாங்கப் போகிறவர்களுக்கு அந்தச் சமயம் எத்தனை தடவை வருகிறது?

ஆனால் ஒன்று: கூம்பை மாட்டியவுடன் காருக்குப் புதிய குரல் வந்துவிட்டது. ‘கொர்ர்’ என்று ஒரு கர்ஜனை. பழைய பெட்டியின் வெற்றிடமெல்லாம் சத்தத்தை அடக்குவதற்காகக் கம்பெனிக்காரன் வைத்தது. அது போனதும் சத்தம் வெளியே வந்தது. பையன் அதையே பலம் என்று நம்பினான். என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, மறுநாள் விடியற்காலை காலியான சாலையில் அவனைக் கூட்டிக்கொண்டு போனார். மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80 வரை எத்தனை விநாடி என்று போகவர நாலு தடவை பார்த்தார்கள். பிறகு பழைய பெட்டியை மாட்டி நாலு தடவை. வித்தியாசம் கைக்கடிகாரத்துக்குத் தெரியவில்லை. பகல் வெயிலில், நெரிசலில், கூம்போடு கார் முன்னைவிடச் சோம்பலாகவே போயிற்று.

அதற்கும் காரணம் உண்டு. பெட்டி இருந்தவரை முன்புறக் குழாய் வழியே வெளிக்காற்று வந்தது. திறந்த கூம்பு பானெட்டுக்குள் இருக்கும் கொதிகாற்றைக் குடிக்கிறது. காற்று சூடேறினால் மெலிந்துவிடும். வெளியே 35 டிகிரியும் உள்ளே 65 டிகிரியும் இருந்தால், அதே அளவு காற்றில் சுமார் பத்தில் ஒரு பங்கு சத்துக் குறைவு. ஊட்டி மலையில் கார் முனகுகிறதே, அதுவும் இந்த ரகம்தான். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கிறது. டர்போ உள்ள வண்டிகள் காற்றை அழுத்தித் திணித்து ஈடுகட்டிக் கொள்கின்றன. மற்றவை பெருமூச்சு விடுகின்றன.

இனி, நம் கையால் செய்யக்கூடிய காரியம். செலவு சில நூறு ரூபாய். கருவி வேண்டுமானால் ஒரு ஸ்க்ரூ டிரைவர். என்ஜின் ஆறியிருக்கும்போது ஏர் பில்டர் பெட்டியின் கிளிப்புகளைத் தள்ளி மூடியைத் தூக்குங்கள். உள்ளே இருக்கும் காகித பில்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். காகிதத்தைத் தண்ணீரில் அலசவே கூடாது. என் மாமியார் இருந்திருந்தால் அலசியிருப்பார்! புதியதை வைக்கும்போது ரப்பர் விளிம்பு நாலு பக்கமும் பதிந்திருக்கிறதா பாருங்கள். இதில் அலட்சியம் வேண்டாம். விளிம்போரம் நுழையும் புழுதி என்ஜினுக்குள் உப்புக் காகிதம் போல் தேய்க்கும். பில்டருக்கு அப்பால் போகும் மடிப்புக் குழாயில் விரிசல் இருந்தாலும் அதே கதி. கடைசியாக, முன்புறத்துக் காற்றுக் குழாய் தன் இடத்தில் இருக்கிறதா, வாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் குழாயில் வேப்பிலைச் சருகும், எலி கொண்டுவந்த பஞ்சும் ஒரு கைப்பிடி இருந்தன. பையனின் ‘மூச்சு முட்டல்’ அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பில்டரை மாற்றினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று சொல்வார்கள். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடத்தில் 2009-இல் இதைச் சோதித்தார்கள். கம்ப்யூட்டர் அளந்து விடும் இக்காலத்துக் கார்களில், பில்டர் அடைத்திருந்தாலும் பெட்ரோல் செலவு ஏறக்குறைய மாறவில்லை. வேகம் எடுப்பதில்தான் மந்தம் தெரிந்தது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோலும் வீணாயிற்று. ஆகவே பாட்டன் காலத்து அம்பாஸடர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்கலாம்.

இத்துடன் நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையன் நிற்கவில்லை. “சூடான காற்றுத்தானே குற்றம்? குளிர்ந்த காற்றுக்கு ஏற்பாடு செய்கிறேன்” என்று ஒரு நீளக் குழாயை வளைத்து, கூம்பை முன் பம்பருக்குப் பின்னால், தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் தொங்கவிட்டான். யுக்தி சரியானதுதான், வெயிலில் கார் சற்றுத் துடிப்பாகவே போயிற்று. இப்படி வண்டியை மாற்றினால் வாரண்டி போய்விடும், கம்பெனி அமைப்பை இஷ்டம்போல் மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்றெல்லாம் அவர் எடுத்துச் சொன்னார். யார் கேட்டார்கள்?

ஐப்பசி மழை கேட்டது. நாட்டுப்பெண்ணை ஆபீஸிலிருந்து அழைத்து வரப் போனவன், தெருமுனையில் முழங்கால் தண்ணீரில் இறங்கினான். கூம்பு தண்ணீரைக் குடித்தது. கார் நின்றது. அப்போதே இறங்கித் தள்ளியிருந்தால் பிழைத்திருக்கும். மறுபடியும் ஸ்டார்ட் செய்தான். பாதி கிளம்பி, ‘டொக்’ என்றது.

காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் இடம் கொடுக்காது. பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் இப்படிப் போயின. வெள்ளம் வடிந்ததும், ஓடுகிறதா பார்ப்போம் என்று ஆசையாகச் சாவியைத் திருப்பினார்கள். தண்ணீரில் நின்ற காரை நீங்களாக ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி உள்ளே இருக்கும் நீரை வெளியேற்றட்டும். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் வராது. என்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு சேர்த்திருக்க வேண்டும். நாங்கள் சேர்த்திருக்கவில்லை.

பில் வந்தது. என் இரண்டு ஜோடி வளையல் எடை. அவர் ஒன்றும் பேசவில்லை. பையனும் பேசவில்லை, மூன்று மாதச் சம்பளத்தில் அதை அடைத்தான்.

பழைய ஏர் பில்டர் பெட்டியை அன்றே குப்பையில் போடச் சொன்னவன் அவன்தான். எதையும் எறிய மனம் வராத நான் அதைப் பழைய புடைவையில் சுற்றிப் பரணில் வைத்திருந்தேன். ஒர்க்ஷாப்காரர் கேட்டபோது இறக்கிக் கொடுத்தேன். பரணில் அது இருந்த இடத்தில் இப்போது கூம்பு இருக்கிறது.