அணைவு வேதியியலைக் கண்ணால் காட்டுங்கள்

பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் எடுக்கிறேன். அணைவுச் சேர்மங்கள் பாடத்தைப் பெயரிடும் விதிகளாக மட்டும் நடத்தி முடிப்பதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை.

மயில்துத்தக் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதலில் வெளிர்நீல வீழ்படிவு தோன்றும். இன்னும் விட்டால் அது கரைந்து, சோதனைக்குழாய் முழுக்க அடர்நீலமாகும். தாமிர அயனியைச் சுற்றியிருந்த நீர் மூலக்கூறுகளின் இடத்தில் நான்கு அம்மோனியாக்கள் தங்கள் எலக்ட்ரான் இணையைக் கொடுத்துப் பிணைந்துவிட்டன. இப்படி எலக்ட்ரான் இணையைக் கொடுத்துப் பிணைவதுதான் ஈனி.

ஆல்பிரட் வெர்னரும் இப்படித்தான் நிறத்தையும் வீழ்படிவையும் பார்த்து யோசித்தார். கோபால்ட் குளோரைடோடு ஆறு அம்மோனியா சேர்ந்த மஞ்சள் சேர்மத்தில், சில்வர் நைட்ரேட் மூன்று குளோரைடையும் வீழ்படிவாக்கியது. ஐந்து அம்மோனியா சேர்ந்த ஊதாச் சேர்மத்தில் இரண்டைத்தான். மூன்றாவது குளோரைடு உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது என்று விளக்கிய கொள்கையை அவர் வெளியிட்டது 1893-இல். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்படுவதற்கும் முன்பு! 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டினும் ஓர் அணைவுச் சேர்மம்தான்.

ஆசிரியர்களே, செய்முறைத் தேர்வு வரை காத்திருக்க வேண்டாம். பாடம் தொடங்கும் நாளிலேயே அந்த நீலத்தைப் பிள்ளைகள் தங்கள் கையால் உண்டாக்கட்டும்.