மீசான் கற்களை யார் படிப்பது?

கல்வெட்டு என்றதும் தமிழ் பயின்றவர் மனம் கோயில் அதிட்டானத்தையே நாடுகிறது. வட்டெழுத்து, கிரந்தம் என்று மாணவர்க்கு வரிசைப்படுத்தும் நாம், இதே மண்ணில் அரபு எழுத்திலும் கற்கள் உள்ளன என்பதை ஒரு வரியிலேனும் சொல்வதில்லை.

காயல்பட்டினத்துப் பழைய பள்ளிவாசல்களைச் சூழ்ந்த அடக்கத்தலங்களில் இடைக்கால மீசான் கற்கள் நிற்கின்றன. பாண்டியர்க்குக் குதிரைகள் கடல்வழி வந்திறங்கிய காலத்தில் செழித்தது காயல் துறை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதைப் பற்றி எழுதினார். மெய்க்கீர்த்தி அரசனைப் பாடும். தேவதானக் கல்வெட்டு நிலத்தின் எல்லை சொல்லும். மீசான் கல்லோ, இன்னாரின் மகன் இன்னார் இந்த ஹிஜ்ரி ஆண்டில் இங்கே மறைந்தார் என்கிறது. வணிகனும் மார்க்க அறிஞனும் தத்தம் பெயரோடு நமக்குக் கிடைப்பது இத்தகைய கற்களில்தான். திசையாயிரத்து ஐநூற்றுவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், அதே கடலில் வந்தவர்களை ‘சோனகர்’ என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறோம்.

இக்கற்களை முறையாக ஆராய்ந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் மெஹர்தாத் ஷுகூஹி. தென்னிந்திய இசுலாமியக் கட்டடக்கலை பற்றிய அவரது ஆங்கில நூல் 2003இல் வெளிவந்தது. அதைத் தமிழ்த்துறை நூலகங்களில் தேடிப் பாருங்கள்! அலுவலக ஏற்பாடும் இப்பிரிவினைக்குத் துணைபோகிறது. தமிழ்க் கல்வெட்டுகள் நெடுங்காலம் தொல்லியல் துறையின் மைசூர்க் கிளைக்கு உரியவையாக இருந்தன. அரபு, பாரசீகக் கல்வெட்டுகள் நாகபுரிக் கிளைக்கு உரியவை. ஒரே ஊரின் இரு கற்கள் இரு திசைகளில் வாசிக்கப்படுகின்றன.

படிக்கப்படாத கல் வெறுங்கல்லாகிவிடும். கொழும்பு அடக்கத்தலத்தில் இருந்த கூஃபி எழுத்துக் கல்லொன்றை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு அதிகாரி ஒருவர் தம் வீட்டு வாயிற்படிக்கு எடுத்துச் சென்றாராம். அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் அதன் வாசகத்தை 1827இல் வெளியிட்டதால் நமக்குத் தெரிகிறது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் பொறித்த காலிக் கல்வெட்டு 1911இல் கண்டெடுக்கப்பட்டபோது ஒரு மதகின் மூடியாகக் கிடந்தது. அதன் தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரைப் போற்ற, பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. ஒருமொழிப் புலமை மட்டும் கொண்டவர் அதில் மூன்றில் ஒரு பங்கையே படிக்க முடியும். மண்ணூர், ஒரகடம் பக்கம் நாள்தோறும் நிலம் சமன் செய்யப்படுவதைக் காணும் நமக்கு, கல் இடம்பெயர ஒரு பிற்பகல் போதும் என்பது புதிதன்று.

கபர்மேல் எழுத்து வேண்டாம் என்னும் மார்க்கக் கருத்தும் உண்டு. அதில் தலையிடுவது நம் வேலையன்று. ஆனால் நிற்கும் கல்மீது அடுத்த சுண்ணாம்புப் பூச்சு ஏறுமுன் மசிப்படி எடுப்பதற்கு அக்கருத்து தடையாகாது. காயல்பட்டினத்தில் அரபு அறிந்த ஆலிம்களுக்குக் குறைவில்லை. நம் கல்லூரிகளில் கல்வெட்டியல் பயிலும் மாணவர்களுக்கும் குறைவில்லை. ஜமாஅத்தின் இசைவைப் பெற்று இவ்விரு சாராரும் ஒரு கோடை விடுமுறையைச் செலவிட்டால், அரபு மூலமும் தமிழாக்கமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த ஒரு சிறுநூலுக்கான பணியைத் தொடங்கிவிடலாம்.