பொறப்பு அல்ல, விஷம்

சேரிப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் பள்ளிக்கூடத்தில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "அதுங்க பொறப்பே அப்படித்தான்." பையன் ஓரிடத்தில் உட்கார மாட்டேங்கிறான், சொன்னது மனசில் நிற்க மாட்டேங்குது என்றாலும் இதே பதில்தான். மனு எழுதியதை வாத்தியார் வாய் சொல்கிறது. பிறப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள், பிறப்பதற்கு முந்தைய பத்து மாதம் அந்தத் தாய் எங்கே நின்றாள் என்று கேட்டதுண்டா?

சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் பருத்திக் கொல்லையிலும் மக்காச்சோளக் கொல்லையிலும் நின்றாள். நிலம் ஊர்த்தெருவுக்கு, குனிகிற முதுகு காலனிக்கு. கல்வராயன் மலையிலிருந்து கூலிக்கு இறங்கும் பெண்களுக்கும் இதே பாடுதான். நேற்று மருந்தடித்த கொல்லையில் இன்று களையெடுப்பு. மருந்து கலக்கத் தண்ணீர் சுமப்பவள் அவள். டேங்க் தூக்கிய புருசனின் சட்டையைத் துவைப்பவளும் அவளே. மாசமாக இருக்கிறேன் என்று சொன்னால் கூலி போய்விடும்.

மருந்து என்கிறோம். அது விஷம். குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்றவை பூச்சியின் நரம்பில் ஒரு நொதியை முடக்கிக் கொல்கின்றன. அதே நொதி மனுச நரம்பிலும் உண்டு. தாயின் உடம்பில் ஏறுவது தொப்புள்கொடி வழியாகக் கருவுக்கும் போகிறது. விஷத்தை முறிக்கும் சக்தி கருவுக்குக் குறைவு. மூளையோ அப்போதுதான் உருவாகிறது. தாய்க்குத் தலைசுற்றல்கூட வராத அளவே பிள்ளையின் மூளையைத் தொட்டுவிடும்.

நியூயார்க்கில் கறுப்பின, டொமினிக்கன் தாய்மாரின் பிள்ளைகளைக் கொலம்பியா பல்கலைக்கழகம் பின்தொடர்ந்தது. அந்த வீடுகளில் கரப்பான்பூச்சிக்கு அடித்தது குளோர்பைரிபாஸ். தொப்புள்கொடி ரத்தத்தில் அது அதிகமிருந்த பிள்ளைகளிடம் 3 வயதில் கவனக்குறைவும் வளர்ச்சித் தாமதமும் அதிகம் என்று 2006இல் அறிவித்தார்கள். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் மெக்சிகோ விவசாயக் கூலித் தாய்மாரின் சிறுநீரைச் சோதித்தார்கள். விஷ எச்சம் மிக அதிகமாக இருந்தவர்களின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகளைவிட 7 வயதில் அறிவுத்திறன் அளவீட்டில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். இது 2011இல் வந்தது. அந்தத் தாய்மார் யார் என்று பாருங்கள். அங்கே நிறம், இங்கே சாதி.

அமெரிக்கா வரை போக வேண்டாம். காசர்கோட்டில் அரசுத் தோட்டக் கழகமே முந்திரித் தோட்டங்கள்மீது ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது. அங்கே பட்ரே கிராமத்துப் பிள்ளைகளிடம் கற்றல் குறைபாடு அதிகம் என்று அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் 2002இல் கண்டது. லீலாகுமாரி அம்மா 1998இல் நீதிமன்றம் போனார். மக்கள் விடாமல் போராடினார்கள். 2011இல் உச்சநீதிமன்றம் தடை விதித்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மந்திரிகள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன. மெதுவாகக் கொல்லும் விஷத்துக்கு எவரும் வருவதில்லை. 2020இல் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்ய மத்திய அரசு வரைவாணை போட்டது. அதில் குளோர்பைரிபாஸும் இருந்தது. 2023இல் வந்த இறுதி ஆணை அதை முழுமையாகத் தடைசெய்யவில்லை. தற்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 2023இல் ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை போட்டது. கருவுக்குப் பத்து மாதம் வேண்டுமே, அய்யா!

ஓர் எச்சரிக்கையும் உண்டு. "சேரிப் பிள்ளைக்கு மூளையே கெட்டுப்போச்சு" என்று இதையே புது முத்திரையாகக் குத்துவார்கள். சராசரியில் தெரியும் சேதம் எந்த ஒரு பிள்ளைக்கும் தீர்ப்பாகாது. பசியும், கடைசி பெஞ்சும், வாத்தியார் வராத மலைப்பள்ளியும் கணக்கில் உண்டு. பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதல் கவனம் சலுகை அல்ல, உரிமை.

தோழர்களே, மாணவர்களே! எந்தக் கொல்லையில், எந்த மருந்தை, எந்த நாளில் அடித்தார்கள், அங்கே யார் வேலை செய்தார்கள் என்று எழுதி வையுங்கள். கிராம செவிலியர் எடை பார்க்கும்போது இதையும் கேட்டுப் பதியட்டும். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்லும் காப்புடையும் மருத்துவச் சோதனையும் கூலிக்காரருக்குக் கிடைக்கட்டும். மாசமான பெண் மருந்தடித்த கொல்லைக்குப் போகாமலிருக்கக் கூலியோடு விடுப்பு கேட்போம். குளோர்பைரிபாஸுக்கு முழுத்தடை கேட்போம்.

இனி எவனாவது "பொறப்பு" என்று சொன்னால், அந்த மருந்து டப்பாவை அவன் மேசைமேல் வையுங்கள்.