உங்கள் தெரு படத்தில் இருக்கிறதா?

இரவு 2 மணி. எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு நெஞ்சுவலி. மகன் ஆம்புலன்சுக்கு போன் செய்தார். வண்டி உடனே புறப்பட்டது. ஆனால் வீட்டுக்கு வந்து சேரவில்லை!

என்ன ஆயிற்று?

டிரைவர் செல்போனில் தெரிந்த படத்தைப் பார்த்து வந்தார். படம் ஒரு சந்தைக் காட்டியது. சந்தின் முடிவில் பெரிய சுவர்! அந்தச் சுவரைக் கட்டி 6 வருடம் ஆகிறது. பால்காரருக்கு அது தெரியும். தபால்காரருக்குத் தெரியும். தெரு நாய்க்குக் கூடத் தெரியும். படத்துக்குத் தெரியாது.

மகன் கட்டிய கைலியோடு மெயின் ரோட்டுக்கு ஓடினார். டார்ச் அடித்து வண்டியை அழைத்து வந்தார். பாட்டி பிழைத்துக்கொண்டார். இப்போது வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிறார். அன்று வீணாய்ப் போன 20 நிமிடத்தை அவர் மறந்துவிட்டார். என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் தெருவே கூடி அந்தப் படத்தைத் திட்டியது. நானும் திட்டினேன். பிறகுதான் யோசித்தேன். படம் வரைகிறவர் எங்கோ இருக்கிறார். இங்கே சுவர் இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? 6 வருடமாக ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அரை டன் கருவி

ஒரு காலத்தில் படம் வரைவது ராஜாங்க வேலை. 1802-ம் ஆண்டு சென்னை பரங்கிமலை அருகே லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி நிலத்தை அளக்கத் தொடங்கினார். கையில் இரும்புச் சங்கிலி. கோணம் பார்க்க ஒரு கருவி. அதன் எடை அரை டன்! 1808-ல் அதைத் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தின் மேலே ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி கோபுரத்தில் மோதிச் சேதம் அடைந்தது. மனிதர் அசரவில்லை. தாமே பழுது பார்த்து, மறுபடியும் அளக்கப் புறப்பட்டார்.

இன்று அரை டன் கருவி வேண்டாம். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போனே சொல்லும்.

இந்த வசதியைப் பொது வேலைக்குத் திருப்பியவர் ஸ்டீவ் கோஸ்ட் என்ற லண்டன் மாணவர். ஆண்டு 2004. அந்த நாட்டில் சர்க்காரிடம் அருமையான படம் இருந்தது. ஆனால் அதை எடுத்துப் பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டும். ஆயிரம் கட்டுப்பாடு வேறு. மக்களே படம் வரையலாமே என்று அவர் நினைத்தார். சைக்கிளில் சுற்றித் தெருக்களைப் பதிவு செய்தார். "ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்" பிறந்தது. அதில் யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம். காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இது பொழுதுபோக்குதானே என்று கேட்பீர்கள். 2010 ஜனவரி 12-ந் தேதி ஹைத்தி நாட்டில் பயங்கர பூகம்பம். தலைநகரம் தரைமட்டம். வெளிநாடுகளில் இருந்து ஓடி வந்த மீட்புப் படையினரிடம் சரியான தெருப் படம் இல்லை. பல நாடுகளில் இருந்த சாதாரண மனிதர்கள், வானத்தில் இருந்து எடுத்த போட்டோக்களைப் பார்த்து, வீட்டில் உட்கார்ந்தபடியே தெருத் தெருவாக வரைந்தார்கள். சில நாட்களில் படம் தயார்!

அவ்வளவு தூரம் போவானேன்? 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது இந்தப் பொதுப் படத்தின் மேல்தான், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்துக் காட்டினார்கள்.

கடை உண்டு, பால்வாடி இல்லை

கம்பெனிகளின் படத்தைத் திறந்து பாருங்கள். நகைக்கடை தெரியும். பிரியாணிக் கடை தெரியும். தவறு இல்லை. வியாபாரிக்கு அதனால் லாபம். அவரே முயற்சி எடுத்துப் பதிவு செய்கிறார். பால்வாடிக்கு யார் பதிவு செய்வார்கள்? ரேஷன் கடைக்கு? பொதுக் கழிப்பிடத்துக்கு? ஊருக்கு வெளியே இருக்கும் காலனியின் குறுக்குச் சந்துகளுக்கு?

நகைக்கடைக்கு வழி தெரியாமல் யாரும் செத்ததில்லை.

இதெல்லாம் சர்க்கார் செய்ய வேண்டிய வேலை என்பார்கள் சிலர். செய்யட்டும், நல்லதுதான். ஆனால் நம் சந்தில் சுவர் எழும்பிய அன்றே எந்த அதிகாரி வந்து பார்ப்பார்? மேலும், இந்தியர்கள் முன் அனுமதி வாங்காமல் படம் தயாரிக்கலாம் என்று 2021 பிப்ரவரியில் மத்திய சர்க்காரே விதியைத் தளர்த்திவிட்டது. இனி சாக்குச் சொல்ல முடியாது.

கம்பெனிப் படத்திலும் தவறைச் சுட்டிக்காட்ட இடம் உண்டு. டிரைவர் பார்ப்பது அதுவானால் அதிலும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் தெருச் சுவரை நான் இரண்டு படத்திலும் சொன்னேன். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது கம்பெனிக்குச் சொத்து. பொதுப் படத்தில் எழுதுவது ஊருக்குச் சொத்து.

அக்காள் மகன் கேட்ட கேள்வி

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்காள் மகனோடு புறப்பட்டேன். அவன் 9-ம் வகுப்பு படிக்கிறான். "ஸ்ட்ரீட் கம்ப்ளீட்" என்று செல்போனில் ஒரு செயலி இருக்கிறது. அது வாத்தியார் போலக் கேள்வி கேட்கும். இந்தத் தெருவின் பெயர் என்ன? இது தார் ரோடா, மண் ரோடா? அங்கேயே நின்று பார்த்துப் பதில் சொன்னால் போதும். படத்தில் ஏறிவிடும்.

பெயரைத் தமிழிலேயே எழுதலாம். எனக்கு இதில்தான் அதிக சந்தோஷம். நம் ஊர்ப் பெயர்கள் இங்கிலீஷில் படும் பாடு தெரியுமே! 2020-ல் 1,018 ஊர்ப் பெயர்களின் இங்கிலீஷ் எழுத்தைத் திருத்தத் தமிழக அரசு உத்தரவு போட்டது. பல குழப்பம் வந்து, பிறகு திரும்பப் பெற்றது. தமிழில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

நான் ஒரு தவறும் செய்தேன். நூலகத்தை ரோட்டுக்கு எதிர்ப்புறம் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து யாரோ அதைத் திருத்தி இருந்தார். முதலில் எனக்கு ரோஷம் வந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி!

வேறு படத்தைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது. அது அடுத்தவர் உழைப்பு. இன்னார் வீடு என்று ஆள் பெயர் போடவும் கூடாது. பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன்.

மாலையில் குளத்துக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குப் போனோம். படத்தில் அதற்குப் பெயர் இல்லை. பெயர்ப் பலகையும் இல்லை. அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டோம். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பையன் நேராக வெற்றிலை இடிக்கும் பாட்டியிடம் ஓடினான்.

"அது உப்புக்கிணற்றுச் சந்துடா. நான் கல்யாணம் ஆகி வந்தபோது அங்கே கிணறு இருந்தது. அப்புறம் மூடிட்டாங்க" என்றார் பாட்டி.

பையன் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். "ற்" எங்கே வரும் என்று என்னைக் கேட்டான். சொன்னேன்.