9999 டிசம்பர் 31 யாருடைய தேதி?

அட்டன், நுவரெலியா பக்கம் தோட்டத்துப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற தோழர்களே, முடிவே இல்லாத ஒன்றுக்கு 9999 டிசம்பர் 31 என்று பொய்த் தேதி போடாதீங்க. போஸ்ட்கிரெஸில் தேதிக்கே ‘இன்ஃபினிட்டி’ இருக்கு. எந்தத் தேதிக்கும் பிந்தியது அது. பைத்தான் தேதி 9999ஆம் ஆண்டைத் தாண்டாது என்பதெல்லாம் சாக்கு. வாசிக்கிற இடத்தில் அதைக் கையாளுங்க.

இன்னும் மோசம், பிறந்த தேதி தெரியாத பாட்டிக்கு மைனஸ் இன்ஃபினிட்டி போடுவது. பாட்டி என்ன, காலம் தொடங்கும் முன்பே பிறந்தவரா? தெரியாததை ‘நல்’ என்று வெறுமையாக விடுங்க.

ஆனால் குடியுரிமை வேறு கதை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நம்மவரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில் கிடைத்த குடியுரிமைக்கு முடிவுத் தேதிப் பெட்டி எதுக்கு? இருந்தே ஆகணும்னா இன்ஃபினிட்டி எழுதுங்க. வெறுமையாக விட்டால் ‘தெரியாது’ என்று அர்த்தம். நாளைக்கு எவனாவது வந்து அதை நிரப்புவான்.