உங்கள் தொழில் என்ன?

நோயாளிகள் முகம் பார்க்காத டாக்டர் ஒருவர் பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. அவர் நாடி பிடிக்க வருவதில்லை. மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போடுவதும் இல்லை. ஆனால் வந்திருப்பது காசமா, புற்றுநோயா என்ற கேள்விக்குப் பெரிய டாக்டர்களே அவருடைய அறிக்கைக்காகக் காத்திருக்கிறார்கள். நோய்க்குறியியல் துறையில் படித்துக்கொண்டே வேலையும் பார்க்கும் இளம் டாக்டரைத்தான் சொல்கிறோம்.

அவருடைய நாள் எப்படிப் போகிறது? உடம்பிலிருந்து அறுத்தெடுத்த சதைத் துண்டு பார்மலின் புட்டியில் வருகிறது. கண்ணெரியும் அந்த நெடியில் நின்று அதை அளந்து, நறுக்கி, கண்டதைக் குறித்து வைக்கிறார். டெக்னீஷியன்கள் அதை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரம் பங்கில் 3 முதல் 5 பங்கு கனமுள்ள ஏடாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுகிறார்கள். தகடு தகடாக மைக்ராஸ்கோப்பில் பார்த்து அவர் முதல் முடிவை எழுதுகிறார், ஆசிரியர் சரிபார்க்கிறார். இதற்கு மேல் ரத்தப் பரிசோதனை, இரவு முறை, பரீட்சை.

இத்தனை உழைப்பையும் வீணாக்கும் குறை ஒன்று உண்டு. “ஆண், வயது 48, நுரையீரல்” — புட்டியோடு வரும் சீட்டுகள் பலவற்றில் இவ்வளவுதான் இருக்கிறது. அந்த மனிதர் பஞ்சாலையில் உழைத்தவரா, கல் உடைத்தவரா, களத்தில் நெல் தூற்றியவரா? சீட்டு வாய் திறப்பதில்லை.

இது சிறிய குறையா? கல்தூசு படிந்த நுரையீரலில் தழும்பு முடிச்சு முடிச்சாக விழுகிறது. காசநோயும் முடிச்சுகளை உண்டாக்குகிறது. இரண்டும் சேர்ந்தும் வரும். தொழில் தெரிந்தால், அதற்கென்று உள்ள ஒளி வடிகட்டியைப் போட்டுப் பார்ப்பார். கல்தூசு மங்கலாக மின்னும். அஸ்பெஸ்டாஸ் வேலை என்று தெரிந்தால், இரும்பைக் காட்டும் சாயம் ஏற்றுவார்; இழைமேல் படிந்த இரும்பு நீலமாகத் தெரியும். தொழில் தெரியாவிட்டால் இவற்றைச் செய்ய அவருக்குத் தோன்றுமா?

பஞ்சுத்தூசு நோயில் மைக்ராஸ்கோப்பே கைவிரித்துவிடுகிறது. இது பஞ்சால் வந்தது என்று காட்டும் தனி அடையாளம் எதுவும் சதையில் இருப்பதில்லை. வார விடுமுறை கழித்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறது என்று தொழிலாளி சொல்லும் வார்த்தைதான் பெரிய சாட்சி. பூசணம் பிடித்த வைக்கோலைக் கையாளும் விவசாயத் தொழிலாளியின் மூச்சுத்திணறலும் அப்படியே: வேலையைக் கேட்காவிட்டால் அது வெறும் சளி இருமலாகிவிடும்.

இத்தாலிய டாக்டர் ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டிலேயே, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு ‘உன் தொழில் என்ன?’ என்பதையும் சேர்க்கச் சொன்னார். பிற்காலத்தில் நோய்க்குறியியலின் தந்தை என்று பெயரெடுத்த ஜெர்மானியர் விர்ச்சோ, 1848-இல் 26 வயது இளம் டாக்டர். மேல் சைலீஷியாவில் பரவிய டைபஸ் காய்ச்சலை ஆராய அனுப்பப்பட்ட அவர் நோயை மட்டும் எழுதவில்லை. பட்டினியையும் வறுமையையும் கண்டு, ஆட்சியின் மேலேயே குற்றம் சுமத்தினார்.

சீட்டு எழுதுகிறவரும் இன்னொரு இளம் டாக்டரே. வாசலில் கூட்டம் நெருக்கும்போது அவரை மட்டும் கடிந்து பயனில்லை. பரிசோதனைச் சீட்டுகளில் தொழில், எத்தனை வருஷம், என்ன தூசு என்று கேட்கும் இடம் அச்சிடப்பட வேண்டும்; அதை நிரப்ப நேரம் கிடைக்கும் அளவுக்கு டாக்டர்களும் ஊழியர்களும் நியமிக்கப்பட வேண்டும். பஞ்சுத்தூசு நோயும் கல்தூசு நோயும் நஷ்ட ஈட்டுக்குரிய தொழில் நோய்கள் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. ஆஸ்பத்திரி ஏட்டில் தொழிலே இல்லாதபோது, தொழிலாளி எதைக் காட்டி நஷ்ட ஈடு கேட்பார்?

அதுவரை, தோழர்களே, ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். எந்த ஆலை, எந்தப் பகுதி, எத்தனை வருஷம், எந்த மருந்து தெளித்தோம் என்பதை நாமே சொல்வோம். சீட்டில் எழுதும்படி கேட்போம். நம் முகம் பார்க்காத அந்த இளம் டாக்டருக்கு நாம் செய்யக்கூடிய உதவி அது. நமக்கும் அதுவே பாதுகாப்பு.