கத்தி எடுப்பதற்கு முன் கூடட்டும்

1934ஆம் ஆண்டில் மாண்ட்ரியல் நகரில் நரம்பியல் ஸ்தாபனம் ஒன்றை நிறுவிய வைல்டர் பென்ஃபீல்டு, ரண சிகிச்சை நிபுணரும் நரம்பு வைத்தியரும் திசுவைப் பரிசோதிக்கும் விஞ்ஞானியும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து ஒரே நோயாளியைப் பற்றி ஆலோசிக்க வேண்டுமென்பதையே தம் நோக்கமாகக் கொண்டிருந்தார். சொந்தச் சகோதரியின் மூளைக் கட்டியை 1928இல் தம் கையாலேயே அறுத்தும் முழுவதையும் அகற்ற இயலாமற்போன துயரத்தை அனுபவித்தவர் அவர். அவரிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் ரண சிகிச்சைத் துறையைத் தொடங்கினாராகையால், இந்த மரபு நமக்கு அந்நியமானதன்று.

பெரியவர்களுக்கு வரும் மூளைக் கட்டிகளில் மிகக் கொடியதாகிய கிளியோபிளாஸ்டோமாவுக்கு, ஜனங்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சோடு டெமோசோலமைட் என்னும் மாத்திரையையும் அதே நாட்களில் சேர்த்துக் கொடுத்து, அதன் பின்னரும் மாத்திரையைத் தொடர்ந்தபோது, இரண்டாண்டு உயிர்வாழ்ந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேரிலிருந்து 26 பேராக உயர்ந்தனரென்று 2005இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. கதிர்வீச்சுத் துறையும் மருந்துத் துறையும் ஒரே நாட்குறிப்பைப் பின்பற்றியதன் வாயிலாகக் கிட்டிய நன்மை இது.

ஆயினும் நம் வைத்தியசாலைகள் பலவற்றில், துறைகள் கூடிப் பேசுவது அறுவைக்குப் பின்னரே நிகழ்கிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். பேச்சுக்குரிய பகுதியை ஒட்டிக் கட்டி வளர்ந்திருக்குமானால், நோயாளியை விழிக்க வைத்துப் பேசச் செய்துகொண்டே அறுக்க வேண்டுமா என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரும் மயக்க மருந்து வைத்தியரும் முன்கூட்டியே ஆராய வேண்டாமா? பல கட்டிகளின் மரபணு மாற்றத்தை அறியாமல் அவற்றின் பெயரையே நிச்சயிக்கலாகாது என்ற நிலைக்கு உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாடு வந்துவிட்ட பிறகு, எடுக்கும் திசு போதுமா, எங்கே அனுப்புவது என்பதும் முன்னரே தீர்மானிக்க வேண்டியவை அல்லவா?

இவையெல்லாம் நடவாதபோது, ஒவ்வோர் அறையாக ஸ்கேன் கவரைச் சுமந்துகொண்டு, ஒரு டாக்டர் சொன்னதை இன்னொருவருக்கு அரைகுறையாக எடுத்துரைக்கும் பாரம் மனைவியின் தலைமீதோ மகனின் தலைமீதோ விழுகிறது. அறிவாற்றல் குன்றிவரும் நோயாளியையும் அவர்களே கவனிக்க வேண்டியிருக்கிறது. இது அநியாயம்.

ஆகையால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் அவசரமில்லாத மூளைக் கட்டி அறுவைகள் அனைத்துக்கும் முன்பாக வாராந்தர ஆலோசனைக் கூட்டத்தைக் கட்டாயமாக்கி, வலி நிவாரண வைத்தியரையும் முதல் நாளிலிருந்தே அதில் சேர்த்து, முடிவைக் கேஸ் ஷீட்டில் எழுதி, குடும்பத்தார் எந்தச் சந்தேகத்துக்கும் அணுகக்கூடிய நர்ஸ் ஒருவரை நியமிக்குமாறு சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.